அயலவன் கூரையில் விழுந்த தீ



மன்னார்ப் பெருநிலப்பரப்பில், பூநகரியை நோக்கிச் செல்லும் நெடுவீதியின் மேற்குப் புறமாக, ஆழமற்ற கடலும் கண்டற் காடும் சூழ அமைந்த மீனவர் ஊர் விடத்தல்தீவு. பெயரிலே தீவு உண்டு. ஊரோ பெருநிலத்தோடு ஒட்டியே கிடக்கிறது. இந்தக் கரையிலே சோளகம் வீசத் தொடங்கிவிட்டால், ஏற்றிவைத்த அடுப்பை ஒரு கணமேனும் மறந்திருக்க இயலாது. கிடுகாலும் பனையோலையாலும் வேய்ந்த கூரைகள், காய்ந்த வேலிகள், உலர விரித்த வலைகள், படகு இயந்திரத்துக்கென வாங்கிவைத்த மண்ணெண்ணெய்க் கலன்கள் ஆகிய யாவும், ஒரு பொறிக்காகக் காத்திருப்பன போல, அருகருகே இருக்கும்.

இக்கரையில் நிகழக்கூடிய ஒரு நிகழ்ச்சியை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். நடந்த கதையன்று, ஆயினும் எவரும் நம்பக்கூடிய கதை. கடலட்டையை அவித்து உலர்த்தும் வாடி ஒன்று. பெருங் கொப்பரையை அடுப்பிலேற்றி, காவலுக்கு ஓர் இளந் தொழிலாளியை இருத்திவிட்டுச் சம்மாட்டியார் வீடு செல்கிறார். அவ்விளைஞனோ வைகறையிலே கடலுக்குப் போய் மீண்டவன். நள்ளிரவில் அடுப்பருகே கண்ணயர்ந்துவிடுகிறான். காற்றுத் திசை மாறுகிறது. அயல் வாடியின் கூரையிலே பொறி விழுகிறது. பொழுது புலரும்போது அயலவனுக்குக் குடிசையில்லை, கடன்பட்டு வாங்கிய வலையில்லை, இயந்திரமுமில்லை. உயிர்ச்சேதம் இல்லையே என்று ஊரார் ஆறுதல் கூறுகின்றனர். சம்மாட்டியார் வந்து, "நான் வேண்டுமென்றா செய்தேன்? இது தற்செயல்" என்கிறார்.

அந்த நட்டத்தை யார் சுமப்பது? இவ்வினாவை எமது பாடசாலையின் மேல் வகுப்பு மாணவர்முன் ஒருமுறை வைத்தேன். மூன்று விடைகள் கிடைத்தன. "சம்மாட்டியாரும் தம் வாடியை இழந்துவிட்டார், இது விதி, எவரும் எவருக்கும் கொடுக்கவேண்டியதில்லை" என்றான் ஒருவன். "உறங்கியவனே குற்றவாளி; அவனே கொடுக்கட்டும்" என்றான் மற்றொருவன். பின்வரிசையில் இருந்த மீனவர் வீட்டு மகள் ஒருத்தி எழுந்து, "கொப்பரையின் இலாபம் யாருக்கோ, கொப்பரையின் நெருப்பும் அவருக்குத்தானே" என்றாள். அம்மூவரும், தாம் அறியாமலே, ஈராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட சட்ட வரலாற்றின் மூன்று குரல்களை ஒலித்துவிட்டனர். அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறுதலே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் உரோமாபுரிக்குச் செல்வோம். கிறிஸ்துவுக்கு முன் 450ஆம் ஆண்டளவில் எழுந்தது உரோமரின் பன்னிரு பலகைச் சட்டம். பிறன் வீட்டையோ, வீட்டருகே குவித்த தானியப் போரையோ அறிந்தே கொளுத்தியவனைத் தீயிலிட்டே கொல்லுமாறு அது பணித்தது. ஆயின், அறியாது நேர்ந்த தீக்கு வேறு விதி வகுத்தது. கவனக் குறைவால் தீ நேர்ந்ததாயின், அவன் நட்டத்தை ஈடு செய்யவேண்டும். ஈடு செய்ய வசதியற்றவனாயின் இலேசான தண்டனை பெறவேண்டும். தற்செயல் என்ற சொல்லுக்குள்ளே கவனயீனம் ஒளிந்திருக்கக்கூடும் என்பதை அப்பழங்காலத்தவரே கண்டுகொண்டனர்.

கிறிஸ்துவுக்குப் பின் 6ஆம் ஆண்டிலே, அகுஸ்துஸ் பேரரசர் உரோமாபுரியின் தெருக்களை இரவிற் சுற்றிவரும் தீயணைப்புக் காவற் படையை நிறுவினார். அப்படையின் தலைவருக்கு உரிய கடமைகளை எழுதிய பவுலுஸ் என்னும் சட்ட அறிஞர், தீவிபத்துகளிற் பெரும்பாலானவை அவ்விடங்களில் வசிப்போரின் குற்றத்தாலேயே நேர்கின்றன என்று குறித்தார். ஒவ்வொரு குடியிருப்பாளரும் தம் அறையிலே தண்ணீர் வைத்திருக்குமாறு எச்சரிப்பதும் அத்தலைவரின் கடமைகளுள் ஒன்று. எத்துணை எளிய கட்டளை! ஒரு குடம் தண்ணீரிலிருந்தே தீ பற்றிய சட்டம் தொடங்குகிறது.

உரோமச் சட்ட அறிஞரின் கருத்துகள் 533ஆம் ஆண்டில் யுஸ்தினியன் பேரரசரின் ஆணையால் ஒரு பெருந் திரட்டாக வெளியாயின. அத்திரட்டிலே நம் வாடிக்கதைக்கு மிக நெருங்கிய இரண்டு எடுத்துக்காட்டுகள் உள. ஒன்று, வயலிலே தாளை எரித்தவனைப் பற்றியது. தீ பரவி அயலவன் விளைச்சலை அழித்தால், எரித்தவன் பொறுப்பாளியா? காற்று வீசும் நாளில் எரித்திருந்தாற் பொறுப்பாளி. காற்றில்லாத நாளாயினும், தீ பரவாதவாறு காவாதிருந்தாற் பொறுப்பாளி. செய்யவேண்டிய காவலையெல்லாம் செய்தபின் திடீரென எழுந்த காற்று தீயைக் கொண்டுசென்றதாயின் அவன் குற்றமற்றவன். சட்டம் அவன் மனத்திலிருந்த நோக்கத்தை மட்டும் கேட்கவில்லை; அவன் வானத்தைப் பார்த்தானா என்றும் கேட்டது.

மற்றொன்று, சூளையருகே உறங்கியவனைப் பற்றியது. பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தவனின் அடிமை, சூளைத் தீயைக் காக்கும்போது உறங்கிவிட்டான். பண்ணை வீடு எரிந்தது. தகுதியற்ற ஆளைக் காவலுக்குத் தெரிந்தெடுத்திருந்தாற் குத்தகைக்காரன் விடை கூறவேண்டும் என்றார் ஓர் அறிஞர். உல்பியன் என்பவர் இன்னும் ஆழமாகச் சென்றார். தீயை முறையாக மூட்டியவன் பிழை செய்யவில்லை. காக்கவேண்டியவனோ எதுவுமே செய்யவில்லை. அப்படியாயின் எவன்மீது வழக்கு? உறங்கியவன்மீதும் வழக்குண்டு என்பதே அவர் முடிவு. உறக்கம் மனிதருக்கு இயல்பானது என்று சாக்குக் கூறுதல் ஆகாது. உறங்குமுன் தீயை அணைத்திருக்கவேண்டும், அல்லது அது வழிதவறிச் செல்லாதவாறு அரண் செய்திருக்கவேண்டும் என்றார். சற்றுக் கடுமையான தீர்ப்புத்தான். ஆயினும், ஆளைத் தெரிந்தெடுத்த முதலாளியும் விடை கூறவேண்டும் என்ற கருத்து அதே பகுதியில் அருகே நிற்பதை நாம் மறத்தலாகாது.

இந்த உரோமச் சட்டத்துக்கும் விடத்தல்தீவுக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் வினவலாம். தொடர்பு உண்டு, அது கடல்வழியே வந்தது. உரோமச் சட்டத்தைத் தம் நாட்டு வழக்கங்களோடு இணைத்து ஒல்லாந்து நாட்டு அறிஞர் வளர்த்ததே உரோமன் டச்சுச் சட்டம். ஒல்லாந்தர் 1658ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயரிடமிருந்து மன்னார்க் கோட்டையைக் கைப்பற்றினர். அவர்தம் கப்பல்களோடு அவர்தம் சட்டமும் கரையிறங்கியது. 1795இல் மன்னார் ஆங்கிலேயர் வசமாயிற்று. எனினும், 1799ஆம் ஆண்டு செப்டெம்பர் 23ஆம் நாள் வெளியிட்ட பிரகடனத்தின்மூலம், ஒல்லாந்தர் காலத்துச் சட்டங்களை ஆங்கிலேயர் தொடர்ந்து நிலைபெறச் செய்தனர். ஒல்லாந்து நாடோ 1809இல் அச்சட்டத்தைக் கைவிட்டுப் பிரெஞ்சுச் சட்டக்கோவையை ஏற்றது. பிறந்த வீட்டிலே மறைந்த சட்டம், புகுந்த வீடுகளான இலங்கையிலும் தென்னாபிரிக்காவிலும் இன்றும் வாழ்கிறது. ஒருவன் தன் கவனயீனத்தால் மற்றவன் பொருளுக்குத் தீங்கிழைத்தால் நட்டஈடு கோரும் உரிமை, இலங்கையிலே இந்த மரபின்மீதே நிற்கிறது.

இனி இங்கிலாந்தின் கதையைக் காண்போம். அது வேறு வழியே சென்ற கதை. தொடக்கத்தில் அந்நாட்டுச் சட்டம் உரோமரினும் கடுமையாக இருந்தது. 1401ஆம் ஆண்டு நடந்த ஒரு வழக்கிலே, தன் வீட்டுத் தீ அயலவன் வீட்டை எரித்தால், அத்தீ தன் வேலையாளாலோ விருந்தினனாலோ மூண்டதாயினும், வீட்டுக்காரனே விடை கூறவேண்டும் என்று நீதிபதிகள் கூறினர். இவ்வாறாயின் பிரதிவாதி வாழ்நாள் முழுதும் வறியவனாகிவிடுவானே என்று அவன் தரப்பினர் முறையிட்டனர். அவன் ஒருவன் அழிவதால் எமக்கென்ன. அவனுக்காகச் சட்டத்தை மாற்றுவதினும் அவன் அழிவதே மேல் என்னும் கருத்தில் விடை வந்தது.

இக்கடுமைக்குப் பெருஞ் சோதனையாக 1666ஆம் ஆண்டு செப்டெம்பர் 2ஆம் நாள் இலண்டன் மாநகர் தீப்பற்றியது. புடிங் ஒழுங்கையிலே தோமஸ் பரினர் என்பவர் நடத்திய வெதுப்பகத்திலிருந்து அத்தீ தொடங்கியது. ஏறத்தாழ 13,200 வீடுகளும் 87 ஆலயங்களும் எரிந்தொழிந்தன. இத்துணை நட்டத்தை ஒரு வெதுப்பக உரிமையாளர் எங்ஙனம் ஈடு செய்வார்? தாம் இரவிலே அடுப்பை அணைத்துவிட்டதாகவே பரினர் சாதித்தார். அந்நிலையிலே, ரொபேட் ஹூபேட் என்னும் பிரெஞ்சுக்காரன் ஒருவன் தீயைத் தானே வைத்ததாக ஒப்புக்கொண்டான். அவன்மீதான குற்றப்பத்திரத்திலே பரினர் குடும்பத்தாரும் ஒப்பமிட்டனர். அவன் தூக்கிலிடப்பட்டான். தீ தொடங்கிய பின்னரே அவன் இலண்டனிற் கரையிறங்கினான் என்பது பின்னர் தெரியவந்தது. பெருந் தீயொன்றின் பின் உண்மையான காரணத்தை ஆராயாது, ஏதிலியான ஒருவன்மீது பழியைச் சுமத்துதல் எத்துணை எளிதென்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

எரிந்த வீடுகளைக் கட்டும் செலவை நில உரிமையாளர் ஏற்பதா, குத்தகைக் குடியாளர் ஏற்பதா என்ற பிணக்குகளைத் தீர்க்கத் தனி நீதிமன்றமொன்று அமைக்கப்பட்டது. குத்தகைப் பத்திரத்தின் சொற்களையும் கடந்து, இருசாராரின் வசதியையும் பார்த்துச் செலவைப் பகிர்ந்தளிக்க அதற்கு அதிகாரமிருந்தது. பேரழிவின்போது நட்டத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்ற சிந்தனை அங்கே முளைத்தது.

அதன் பின் சட்டம் இளகியது. 1707ஆம் ஆண்டுச் சட்டமொன்று, தன் வீட்டிலே தற்செயலாகத் தீ தோன்றியதற்காக எவர்மீதும் வழக்குத் தொடரலாகாது என்றது. வீட்டை இழந்து நிற்பவனை மேலும் நசுக்கலாகாது என்ற இரக்கம் அதிலே இருந்தது. ஆயின், அதே சட்டத்தின் மறுபக்கத்தைப் பாருங்கள். கவனயீனத்தாற் தீ மூளச் செய்த வேலையாள் 100 பவுண் தண்டம் செலுத்தவேண்டும். செலுத்த இயலாவிடின் 18 மாதம் கடூழியம் செய்யவேண்டும். வீட்டுக்காரனுக்கு இரக்கம், வேலைக்காரனுக்குச் சிறை! என் மாணவரின் முதல் விடையும் இரண்டாம் விடையும் ஒரே சட்டத்திலே கைகோத்து நின்றன. யாழ்ப்பாணத்திலே தேசவழமை தொகுக்கப்பட்டதும் அதே 1707ஆம் ஆண்டில்தான் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. இங்கு ஆட்சியாளர் சீதனம், முதுசம், ஒற்றி ஆகியவற்றின் வழக்கங்களை எழுதிக்கொண்டிருந்த வேளையிலே, அங்கே தீயின் பொறுப்பு மேலிருந்து கீழே தள்ளப்பட்டது.

1774ஆம் ஆண்டுச் சட்டம் இப்பாதுகாப்பை வீடு, தொழுவம், களஞ்சியம், நிலம் என விரித்தது. வீட்டுக்காரனுக்கென எழுந்த இரக்கம் பெருந் தொழில் நடத்துவோருக்கும் குடையாயிற்று. ஆயின் 1847இல் நீதிமன்றம் அக்குடையைச் சுருக்கியது. தற்செயல் என்பது காரணம் காண இயலாத தீயையே, அல்லது வெறும் வாய்ப்பால் மூண்ட தீயையே குறிக்கும். கவனயீனத்தால் மூண்ட தீ தற்செயல் ஆகாது என்று தீர்ப்பளித்தது. உரோமர் நடந்த பாதைக்கு இங்கிலாந்து சுற்றுவழியாக வந்து சேர்ந்தது.

தொழில் நிலையங்கள் பெருகிய பின் வினா மேலும் கூர்மையடைந்தது. இரண்டு அண்மைக்கால வழக்குகளைக் கூறுவேன். அவுஸ்திரேலியாவின் தஸ்மானியாவிலே, பேர்ணி துறைமுக அதிகாரசபைக்குரிய குளிர்களஞ்சியக் கட்டடத்தில் ஒப்பந்தக்காரர் பற்றுவேலை செய்தபோது, அங்கு அடுக்கியிருந்த எளிதில் எரியும் பொருள் தீப்பற்றியது. அக்களஞ்சியத்திலே பிறர் சேமித்திருந்த உறைந்த மரக்கறிகள் அழிந்தன. ஆபத்தான பணியைத் தன் இடத்தில் நடத்த இடங்கொடுத்தவர், ஒப்பந்தக்காரர் செய்தார் என்று கூறித் தப்ப இயலாது என 1994இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்த்தது. அபாயம் பெரிதாகுந்தோறும் கவனமும் பெரிதாகவேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

மற்றையது இங்கிலாந்தின் ஹெரபோட் நகரில் நேர்ந்தது. டயர் விற்பவர் ஒருவரின் இடத்திலே ஏறத்தாழ 3000 டயர்கள் குவிந்திருந்தன. 2008இல் மின்கம்பிக் கோளாறால் தீ மூண்டு, அயலவரின் தொழிலிடத்தை அழித்தது. டயர்காரரின் கவனயீனம் நிரூபிக்கப்படவில்லை. கவனயீனம் இல்லாவிடினும் அவர் பொறுப்பாளி என்று முதல் நீதிபதி கூறினார். 2012இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. தப்பிச் சென்றது அவர் கொண்டுவந்து சேர்த்த டயரன்று, தீயே என்பது அதன் நியாயம். உங்கள் இடத்துக்கு நீங்களே காப்புறுதி செய்துகொள்ளுங்கள் என்ற அறிவுரையோடு ஒரு நீதிபதி தம் தீர்ப்பை முடித்தார். சட்ட நியாயம் சரியாக இருக்கலாம். ஆயினும் விடத்தல்தீவிலே கடன்பட்டு வலை வாங்கியவனுக்கு, காப்புறுதிக்குச் செலுத்தக் கையிலே பணம் இருந்திருந்தால், அவன் கடன்பட்டிருக்கமாட்டான் அன்றோ?

இந்தியா வேறு திசையிற் சென்றது. 1985ஆம் ஆண்டு டிசெம்பரில் டெல்லியிலே தொழிற்சாலையொன்றிலிருந்து நச்சு வாயு கசிந்தது. அவ்வழக்கிலே 1986இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு புதிய கோட்பாட்டை வகுத்தது. ஆபத்தான தொழிலால் இலாபம் அடைவோர், தம்மிடம் கவனயீனம் இல்லையென்று காட்டினாலும், அத்தொழிலால் விளையும் தீங்குக்கு முழுப் பொறுப்பாளிகள் என்பதே அக்கோட்பாடு. தீவிபத்து அன்றாயினும், பின்வரிசை மாணவியின் குரலை அங்கே நாம் கேட்கிறோம்.

அக்குரல் நம் நாட்டிலும் ஒலித்தது. 2021ஆம் ஆண்டு மே 20ஆம் நாள், கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கொள்கலக் கப்பல் தீப்பற்றியது. அதிலிருந்த நைத்திரிக் அமிலக் கொள்கலம் ஒன்று முன்னரே கசிந்துகொண்டிருந்தது. பல நாள் எரிந்த கப்பல், ஜூன் 2ஆம் நாள் ஆழ்கடலுக்கு இழுத்துச் செல்லப்படும்போது மூழ்கத் தொடங்கியது. பிளாத்திக்குச் சிறுமணிகள் மேற்குக் கரையை மூடின. இறந்த ஆமைகள் கரையொதுங்கின. மீனவர் தொழிலுக்குச் செல்லத் தடை விதிக்கப்பட்டது. கப்பலும் ஒரு தொழிலிடமே, கடலும் கரையும் அதன் அயல், மீனவரே அயலவர். 2025ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் இலங்கையின் உயர் நீதிமன்றம், கப்பலின் உரிமையாளரும் இயக்குநரும் உள்ளிட்ட தரப்பினர் நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்தவேண்டும் என்று கட்டளையிட்டது. மாசு செய்தவரே ஈடு செய்யவேண்டும் என்பது அதன் அடிப்படை. தீர்ப்பு எழுதுதல் ஒன்று, பணம் ஏழை மீனவன் கைக்கு வந்து சேர்தல் வேறொன்று என்பது உண்மையே. எனினும், தற்செயல் என்னும் சொல் பெருந் தொழிலுக்குக் கேடயமாகாது என்பதை அத்தீர்ப்பு நாடறியச் சொல்லிவிட்டது.

இனி நம் வாடிக்கு மீள்வோம். அது பெருங் கப்பலன்று. ஆகவே உரோமன் டச்சு மரபின் பழைய வினாக்களே அங்கு எழும். காற்று மாறக்கூடிய பருவமென்று சம்மாட்டியாருக்குத் தெரியாதா? அடுப்பைச் சுற்றி மண்ணோ கல்லோ அணைத்திருந்தாரா? அருகே தண்ணீர் இருந்ததா? பகல் முழுதும் உழைத்த ஒருவனை இரவுக் காவலுக்கு இருத்தினாரா? இவற்றுக்குத் தக்க விடை இல்லையாயின், தற்செயல் என்ற சொல் அவரைக் காவாது. வேலையாள் தன் பணியின்போது செய்த தவறுக்கு முதலாளி விடை கூறுதல் இன்று நிலைபெற்ற விதியாகும். தீயைக் கவனயீனமாகக் கையாளுதல் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றமுமாகும்.

ஆயினும், கவனயீனத்தை நிரூபிக்கும் சுமை பொதுவாக வழக்கிடுபவன்மீதே விழுகிறது. சாம்பலிலிருந்து சான்று தேடுதல் எளிதன்று. ஆகவே நட்டமடைந்தோர் உடனே பொலிசில் முறைப்பாடு பதியவேண்டும். எரிந்த இடத்தைத் துப்புரவாக்குமுன் படமெடுத்து வைக்கவேண்டும். வலைக்கும் இயந்திரத்துக்கும் வாங்கிய பற்றுச்சீட்டுகளை வீட்டுக்கு வெளியே இன்னொருவரிடம் பிரதியாக வைத்திருத்தல் நன்று. 1871ஆம் ஆண்டு 22ஆம் இலக்கக் காலவதியாதற் கட்டளைச் சட்டத்தின்படி, இத்தகைய நட்டத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் வழக்கிடவேண்டும். அயலவனாயிற்றே, பேசித் தீர்ப்போம் என்று காலத்தைக் கடத்தி, பின் கதவு சாத்திய நிலையில் நிற்போர் பலர். பேசித் தீர்த்தல் நல்லதே. ஆனால் இரண்டு ஆண்டு கடந்துவிட்டால், பேசுவதற்குரிய வலிமையும் போய்விடும்.

உறங்கிய இளைஞனைப் பற்றி ஒரு சொல். அவன் உறங்கியது தவறே. ஆயினும் 1707ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டம் போல, எல்லாப் பழியையும் அவன் தலையில் ஏற்றிவிட்டு ஊர் அடங்கிவிடுமாயின், அடுத்த சோளகத்திலும் களைத்த இன்னொருவனே அவ்வடுப்பருகே இருத்தப்படுவான். ஹூபேட்டைத் தூக்கிலிட்டதால் இலண்டனில் எந்த அடுப்பும் பாதுகாப்புப் பெற்றுவிடவில்லை. அடுப்பின் பயனை அனுபவிப்பவர் அதன் காவலையும் தம் செலவாகக் கணக்கிடும்போதே தீ அடங்கும். உப்பும் விறகும் வாங்குவதுபோல, ஒரு காவலனின் உறக்கத்துக்குரிய நேரமும் தொழிலின் செலவுகளுள் ஒன்றே.

அன்று அம்மாணவியின் விடையைக் கேட்டுவிட்டு, வகுப்பு மணி அடித்தமையால் நான் எதுவும் கூறாது வெளியேறினேன். பின்னர் நூல்களைப் புரட்டியபோதுதான், அவள் சொன்னதை அடைவதற்கு உலகின் நீதிமன்றங்கள் எத்துணை தூரம் நடந்துள்ளன என்பதும், இன்னும் சில நாடுகளில் முழுவதும் அடையவில்லை என்பதும் எனக்குப் புலனாயின. மறுநாள் வகுப்பிலே இவ்வரலாற்றைக் கூறினேன். முதல் விடை கூறிய மாணவன் எழுந்து, தன் தந்தையாரின் வாடியிலே அடுப்பருகே தண்ணீர்ப் பீப்பா ஒன்று வைக்கச் சொல்லப்போவதாகக் கூறினான். உரோமாபுரியின் காவற்றலைவர் கேட்டுக்கொண்டதும் அதுவேயன்றோ.